பதினேழாம் பலகை

கழக்கூட்டம்
12 ஜனவரி 2025, ஞாயிறு, காலை 10.40
மொத்தப் பலகைகள் 40, முடித்தவை 11.

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் ரத்த அழுத்தம், அம்மாவின் முட்டி இரண்டையும் பற்றி எழுதுங்கள். போனில் உங்களுக்குக் காது கேட்காது. அம்மாவை நடுவில் வைத்துக் கத்தினால் நான் கேட்பது ஒன்று, உங்களிடம் போய்ச் சேருவது ஒன்று. இனிமேல் கடிதம்தான்.

மேலே உள்ள கணக்கைச் சொல்லிவிடுகிறேன். என்னைப் படிக்கவைத்த ரெட்பாத் அறக்கட்டளைக்கு இரண்டு வருடம் வேலை பார்க்க ஒப்பந்தம் போட்டதும், சான்றிதழ்களின் அசலை அவர்கள் இரும்புப் பெட்டியில் வாங்கி வைத்திருப்பதும் உங்களுக்குத் தெரியும். இன்னும் பதினான்கு மாதம் பாக்கி. கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனி கூப்பிடுகிறது. அசலைக் காட்டு என்கிறது. எதைக் காட்ட?

இப்போது கொடுத்திருக்கும் வேலை இது. திருவனந்தபுரம் பக்கத்தில், விழிஞ்ஞத்தில் மூடிக்கிடந்த ஐஸ் பிளாண்டை அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள். டங்கன் ரெட்பாத் என்ற ஸ்காட்லாந்துக்காரர், மீன்பீப்பாய் செய்தவரின் மகன், ஐஸும் இறாலும் விற்றுப் பெரிய முதலாளியாகி, கடைசியில் லண்டனில் பிரபு ஆனார். அந்த வாழ்க்கையை நாற்பது பலகைகளில் சொல்ல வேண்டும். எழுத்தும் நானே, மின்சாரமும் நானே. மே 31 திறப்பு. எண்பத்தெட்டு வயதில் அவரே வருகிறார். பழைய வால்வுச் சக்கரம் ஒன்றை வாசலில் நிறுத்தியிருக்கிறோம். அவர் அதைத் திருப்பினால் நாற்பது பலகைகளிலும் விளக்கு ஒவ்வொன்றாக எரியும். சென்சார் வைத்தது நான்.

கேள்வி ஒன்றுதான். நீங்கள் திருவனந்தபுரத்தில் ஐஸ் கம்பெனியில் இருந்ததாக அம்மா சொல்லியிருக்கிறாள். அது இந்தக் கம்பெனியா? ஆமாம், இல்லை என்று எழுதினால் போதும்.

தளவாய்


புளியரை
2 பிப்ரவரி 2025

மகன் தளவாய்க்கு அப்பா எழுதுவது. நானும் உங்கம்மாவும் சுகம். முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாள். தைலம் குறைகிறது, வலி குறையவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கேட்டதுக்குப் பதில், ஆமாம். துரை உயிரோடு இருக்கிறாரா! கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பார், நம்மைப் போல. அதனாலேயே எங்களுக்கு அவரைப் பிடிக்கும்.

பிரபு என்றால் என்ன? மந்திரி மாதிரியா?

பழவங்காடி வழியாகப் போனால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடை. அங்கே இருந்த ஒன்பது வருஷமும் மாசம் ஒன்று உடைத்தேன். கடைசி மாசம் முடியவில்லை.

அப்பா, மகாராஜா


கழக்கூட்டம்
9 பிப்ரவரி 2025, ஞாயிறு, மாலை 4.15
முடித்தவை 16.

அப்பாவுக்கு,

இங்கே சுகம். அறையில் நான்கு பேர், ஜன்னல் ஒன்று. அதைத் திறந்தால் நெடுஞ்சாலை முழுவதும் உள்ளே வருகிறது. மூடியே வைத்திருக்கிறோம்.

பிரபு என்றால் மந்திரி இல்லை. இங்கிலாந்து அரசரோ அரசியோ ஒரு கடிதம் கொடுப்பார். உறையில் போடாத திறந்த கடிதம், தோலில் எழுதியது. அடியில் சின்னத் தோசை அளவுக்கு மெழுகு முத்திரை தொங்கும். இன்று முதல் இவர் பிரபு என்று அதில் இருக்கும். சிவப்பு அங்கி போட்டுப் பிரபுக்கள் சபையில் போய் உட்காரலாம். இவருக்கு 1996-இல் வந்தது. அதன்பிறகு கையெழுத்து ‘ரெட்பாத்’ என்ற ஒற்றைச் சொல்தான், டங்கன் கிடையாது. எங்கள் கணினி அதை இரண்டு ஆள் என்று பிரித்து, ஒருவர் 1996-இல் காணாமல் போனதாகக் காட்டியது. நான்தான் கையால் சேர்த்தேன்.

பழைய காகிதங்களை ஸ்கேன் செய்யும் ரெம்யா என்ற பெண் கேட்டாள். “நிண்டெ அச்சன் பேரு மகாராஜாவா? அப்போ பிரபுவிலும் மேலே அல்லே?” படிநிலைப்படி சரிதான்.

இனி விஷயம். பதினேழாம் பலகைக்கு மேலாளர் ஹரிஷங்கர் சார் தலைப்பை முதலிலேயே கொடுத்துவிட்டார்: ‘1990 விபத்தும் முதலாளியின் கருணையும்’. “ஹீரோவுக்கு ஒரு கஷ்டம் வரணும், கேட்டோ. இல்லேன்னா யார் பதினெட்டுக்குப் போவா?” என்கிறார். அந்த அக்டோபரில் வேலாயுதன் என்று ஒருவர் பிளாண்டின் அம்மோனியா வாயு பீறிட்டுச் செத்திருக்கிறார். நீங்கள் அப்போது இருந்தீர்களா? என்ன நடந்தது என்று நேராக எழுதுங்கள். தைலம் அடுத்த கடிதத்தில் போதும். தேங்காய்க்கு நேரமில்லை.

தளவாய்


புளியரை
16 மார்ச் 2025

மகனுக்கு, நாங்கள் சுகம். நீ சுகமாக இருக்கணும்.

பதில் தாமதம். எழுத உட்கார்ந்தால் உங்கம்மா ‘எதுக்கு அந்தப் பழசு’ என்கிறாள். எழுதிய இரண்டு தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டாள். இது மூன்றாவது. அவள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

வேலாயுதன் என் கூட்டாளி. அவன் மலையாளத்தில் கேலி பேசுவான், நான் தமிழில் திருப்பிக் கொடுப்பேன். இரண்டு பேருக்கும் பாதிதான் புரியும். அதற்கே அப்படிச் சிரிப்போம்.

அன்றைக்கு அவன் கம்ப்ரசரைப் பிரித்து உள்ளே கை விட்டிருந்தான். அப்படி வேலை நடக்கும்போது வெளியே வால்வை மூடி, சக்கரத்தில் ‘திறக்காதே’ பலகையை மாட்டணும். மலையாளத்தில் எழுதியிருக்கும். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் எந்தப் பலகை என்று தெரியும். மாட்டினேன். மாட்டிவிட்டுத்தான் கசிவை அடைக்கிற பேக்கிங் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். திரும்பி வந்தபோது வால்வு திறந்து கிடந்தது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் கம்பெனி எழுத்தர் வந்து கேட்டார். வெடித்த சத்தத்தில் காது போயிருந்தது. அவர் உதடு அசைவதுதான் தெரிந்தது. என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாதா? ‘பலகையை மாட்டினேன், பலகையை மாட்டினேன்’ என்று பத்துத் தடவை சத்தமாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். தமிழில் கையெழுத்துப் போட்டேன். அந்தக் காகிதத்தைத் தேடி உன் பலகையில் அதையே போடு. அதில் எல்லாம் இருக்கு.

வேலாயுதன் சம்சாரம் பாகீரதி இருக்கிறாளா என்று பார். நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் நின்று அழுதாள். அந்தத் துக்கத்திலும் என் காது சரியாகணும் என்று வேண்டிக்கொண்டதாக உங்கம்மா சொன்னாள். நல்ல மனுஷி.

அப்பா, மகாராஜா


கழக்கூட்டம்
23 மார்ச் 2025, ஞாயிறு, காலை 11.05
முடித்தவை 29. பதினேழு காலி.

அப்பாவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த முறை விட்டுவிடுகிறேன். காகிதம் கிடைத்தது.

எழுத்தரின் மலையாளம், கிறுக்கல். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும் என்பதால் ரெம்யாவை வாசிக்கச் சொன்னேன்.

“வால்விண்டெ பலக ஞான் மாட்டி…”

“போதும், நிறுத்து. அதுதான் வேண்டும். எங்கப்பா மாட்டியிருக்கிறார்.”

“எந்தா இத்ர சந்தோஷம்? பலகையை எடுத்துக் களஞ்ஞு என்றுதானே எழுதியிருக்கு?”

“மாட்டினேன் என்றால் தொங்கவிட்டேன்.”

“அது நிங்ஙளுடெ தமிழில். எழுத்தை நோக்கு.”

பார்த்தேன். எழுதியிருப்பது ‘மாற்றி’. அவர்கள் அதை வாசித்தால் நம் காதில் ‘மாட்டி’ என்றுதான் விழும். ஆனால் மலையாளத்தில் அதற்குப் பொருள், அங்கிருந்து அகற்றிவிட்டேன். நீங்கள் ‘மாட்டினேன்’ என்று கத்தினீர்கள். எழுத்தர் ‘மாற்றினேன்’ என்று எழுதினார். உங்களுக்குக் காது கேட்காது, அவருக்குத் தமிழ் தெரியாது. அடியில் ‘மகாராஜா’ என்று உங்கள் கையெழுத்து. முப்பத்துநான்கு வருடமாக அந்தக் காகிதத்தில் வேலாயுதனைக் கொன்றது நீங்கள்.

இன்னும் இருக்கிறது. அதோடு ஒரு ஆங்கில மொழிபெயர்ப்பு, 1995 தேதியிட்டது. பட்டம் கொடுப்பதற்குமுன் ஆளின் பழைய கதையைக் கிளறிப் பார்ப்பார்களாம். தொழிலாளியே பலகையை அகற்றியதாக ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று கண்டு கோப்பை மூடியிருக்கிறார்கள். அடுத்த வருடம் முத்திரை தொங்கும் கடிதம் வந்துவிட்டது. அந்தப் பட்டம் உங்கள் கையெழுத்தின்மேல் நிற்கிறது.

ஹரிஷங்கர் சார் இதையே பலகையில் போடச் சொல்கிறார், உங்கள் பெயரோடு. என்ன செய்யட்டும்? உடனே எழுதுங்கள்.

தளவாய்


புளியரை
27 ஏப்ரல் 2025

எய்யா தளவாய்,

அம்மா எழுதுகிறேன். உங்கப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார். பேசத்தான் இல்லை. உன் கடுதாசி என் கண்ணில் படுமுன்னே தபால்காரர் அவர் கையில் கொடுத்துவிட்டார். அதற்கு அப்புறம் ஒரு மாசமாக வாசலுக்கு வரவில்லை.

நீ எனக்குப் புதுசாக ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும்.

கம்பெனி வீட்டில் குடியிருந்தோம். குழாயடியில் ஒருத்தி எல்லார் முன்னாலும் கேட்டாள், “பலகையை எடுத்தது நாந்தான்னு உன் கெட்டியவன் எழுதிக் கொடுத்துட்டானே, நீ எந்த மூஞ்சியோட தண்ணி பிடிக்க வாறே?” என்று. கிளம்புகிற அன்று பாகீரதி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். உங்கப்பா பக்கத்தில்தான் நின்றார். தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு, “என்ன சொல்லுதா?” என்று கேட்டார். “உங்க காது சீக்கிரம் சரியாகணும்னு சொல்லுதா” என்றேன்.

அவர் எடுத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்தார் என்கிறார்களே, ஏன் கொடுத்தார்? கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். கேட்கவில்லை. காது டாக்டர் வேண்டாம், மெஷின் வேண்டாம் என்று இத்தனை வருஷம் தள்ளினதும் நான்தான். காது வந்தால் யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார்கள் அல்லவா. ஒரு பொண்டாட்டி இதை எழுதக் கூடாது. ஆனால் அந்தக் காது போனது எனக்கு ஒத்தாசையாக இருந்தது.

நீ ஒரே தாளில் அத்தனையும் எழுதிவிட்டாய். இருக்கட்டும். வெயில் அதிகம், மோர் குடி.

அம்மா, செண்பகவல்லி


கழக்கூட்டம்
4 மே 2025, ஞாயிறு, பகல் 12.30
முடித்தவை 39. பதினேழு காலி.

அம்மாவுக்கு,

நான் எழுதியது தப்பு. விஷயம் தப்பில்லை, தபாலில் போட்டதுதான் தப்பு. பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். லீவு கேட்டேன், திறப்பு முடியும்வரை கிடையாது என்றார்கள்.

ஹரிஷங்கர் சாரிடம் போய் எழுத்தர் தப்பாக எழுதினார் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியைக் காட்டினார்.

“உங்க அப்பான்னு எனக்கு உன் படிப்பு மனுவைப் பார்த்தப்பவே தெரியும் தளவாய். சந்தோஷப்படு. அன்னைக்கு மேடையிலே பிரபு பக்கத்திலே நீதான் நிக்கப்போறே. தப்புப் பண்ணின தொழிலாளி, அவனை மன்னிச்ச முதலாளி, படிச்சு வந்த பிள்ளை. இதைவிட நல்ல கதை உண்டோ?”

“கதையில் ஒரு எழுத்து தப்பு சார்.”

“முப்பத்துநாலு வருஷம் கழிச்சு ஒரு எழுத்துக்கா? எவிடென்ஸ் இருக்கா? உங்கப்பா மாட்டினதை யாராவது பார்த்தாளா?”

“இல்லை.”

“பின்னே எந்தா? பதினேழை முடி. முடிக்காம சர்டிபிகேட், ரிலீவிங்னு ஒண்ணும் என்கிட்ட வராதே.”

கதவை அவரே எழுந்து திறந்துவிட்டார். மரியாதையான மனிதர். அதுதான் எரிச்சல்.

எழுதினால் அப்பாவை நானே கொலைகாரர் ஆக்குகிறேன். எழுதாவிட்டால் இந்த இரும்புப் பெட்டிக்குள் நானும் கிடக்க வேண்டும். மாட்டிக்கொண்டேன் அம்மா. இந்தச் சொல்லை எழுதும்போது சிரிப்புக்கூட வரவில்லை.

ஒன்று மட்டும் அப்பாவிடம் கேள். ‘வால்வு திறந்து கிடந்தது, அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறார். அப்பா ‘அவ்வளவுதான்’ என்றால் அதற்குப் பின்னால் நிறைய இருக்கும். என்ன பார்த்தார்? எழுதித்தான் காட்டு, கத்தாதே. அவசரமில்லை. இல்லை, அவசரம்தான். 26-ஆம் தேதி அச்சுக்குப் போகிறது.

தளவாய்


புளியரை
18 மே 2025

மகன் தளவாய்க்கு அப்பா எழுதுவது.

சுகமாக இருக்கிறேன். நீ எழுதியதில் எனக்கு வருத்தம் இல்லை. உங்கம்மாமேல்தான் கோபமாக இருந்தது. அப்புறம் யோசித்தேன். எனக்குக் கேட்காத வசவையெல்லாம் அவள் ஒருத்தியே இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறாள். நேற்றுத்தான் அவளிடம் பேசினேன். முட்டிக்குத் தைலம் நான் தேய்த்துவிட்டேன்.

பார்த்ததை எழுதுகிறேன். ஸ்டோரிலிருந்து வரும்போது துரை வால்வு பக்கத்தில் நின்றார். இறால் வாங்க வந்த வெளிநாட்டு ஆள்கள் இரண்டு பேர் கூட இருந்தார்கள். பிளாண்ட் ஓடுவதைக் காட்ட நினைத்திருப்பார். எந்த மெஷினையும் அவருக்குத் தன் கையால் தொடணும். சக்கரத்தைத் திருப்பினார். நான் கத்திக்கொண்டே ஓடினேன். பலகை சக்கரத்தில்தான் இருந்தது. சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றியது. மலையாளம் அவருக்கும் வாசிக்கத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எழுத்தர் வந்துபோன மறுநாள் துரை ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார். கண்ணெல்லாம் தண்ணீர். ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். தலையாட்டியபிறகு ஒரு மனுஷனைக் காட்டிக்கொடுப்பது முறையில்லை என்று இருந்துவிட்டேன். பின்னால் உன் படிப்புக்கு மனுப் போட்டபோதும் அந்தத் தைரியத்தில்தான் போட்டேன்.

இப்போது உன் கடுதாசியைப் படித்தபிறகு ஒரு சந்தேகம் வருகிறது. அவர் அன்றைக்கு என்னை மன்னித்துவிட்டதாகப் பேசினாரோ? அதற்கா நான் தலையாட்டினேன்?

என்மேலும் ஒரு தப்பு உண்டு, அது எந்தக் காகிதத்திலும் இல்லை. பலகையை மாட்டினால் போதும் என்று நினைத்தேன். போதாது. பக்கத்தில் நின்றிருக்கணும்.

என் பேரைப் போடுவதானால் சரியாகப் போடு. முடியாவிட்டால் விட்டுவிடு. உன் சான்றிதழ்தான் முக்கியம்.

அப்பா, மகாராஜா


கழக்கூட்டம்
25 மே 2025, ஞாயிறு, காலை 8.20
மொத்தப் பலகைகள் 41, முடித்தவை 41.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மோர் குடிக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ரெம்யாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ‘சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றியது’ என்ற இடத்தில் அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அச்சுக்குப் போகும் கோப்பைத் திறந்து பதினேழை எழுதி முடித்துவிட்டேன். நாற்பத்தொன்றாவது பலகை கணக்கில் இல்லாதது. பழைய ஸ்டோரில் கிடந்த தகரத்தில் நானே பெயின்ட் அடித்தேன். சிவப்பு இன்னும் காயவில்லை, கையெல்லாம் ஒட்டுகிறது. இந்தத் தாளின் ஓரத்தில் இருப்பது ரத்தம் இல்லை, பயப்பட வேண்டாம்.

இன்று எழுதிப் போட்டால் புதன்கிழமை உங்களுக்குக் கிடைக்கும். அதற்குள் பாதி நடந்திருக்கும். செய்யப்போவது இதுதான்:

1. நாளை காலை 9.15. ஹரிஷங்கர் சார் மேசையில் பதினேழை வைப்பேன். எழுத்தரின் காகிதம், உங்கள் கையெழுத்து, ‘மாட்டி’, ‘மாற்றி’ இரண்டு சொல்லும் பெரிதாக. கீழே நீங்கள் பார்த்ததை நீங்கள் எழுதியபடி, உங்கள் பெயரோடு. அவர் கேட்ட எவிடென்ஸ் அது.

2. வேண்டாம் என்றால் பதினேழாம் இடம் வெறும் சுவர். அவர் சொன்னதை நான் எழுதமாட்டேன்.

3. சான்றிதழ் பெட்டியிலேயே கிடக்கட்டும். பல்கலைக்கழகத்தில் நகல் கேட்டு மனுப் போடுவேன். ஆறு மாதம் ஆகும். கோயம்புத்தூர் காத்திருக்காது, தெரியும்.

4. செவ்வாய், பாகீரதி அம்மா வீடு. சொல் மாறிவிடாமல் இருக்க ரெம்யா கூட வருகிறாள். உங்கள் கடிதத்தை வாசிப்போம். மண்ணை வாரித் தூற்றினால் நிற்பேன். எனக்குக் காது கேட்கும்.

5. வெள்ளி, பழவங்காடியில் இரண்டு தேங்காய். ஒன்று நீங்கள் விட்டுப்போன மாசத்துக்கு. ஒன்று வேலாயுதனுக்கு.

6. சனி காலை 10.25. பிரபு சக்கரத்துக்கு வர ஐந்து நிமிடம் இருக்கும்போது நாற்பத்தோராம் பலகையை அதில் மாட்டுவேன். மலையாளத்தில், தமிழில், இந்த முறை இங்கிலீஷிலும்: திறக்காதே.

7. மாட்டிவிட்டு எங்கும் போகமாட்டேன். பக்கத்திலேயே நிற்பேன்.